பொன் போர்த்திய சோழிகள்

பெய்லியூ கிராமம், ஹவுமா
1994 மார்ச் 28

துவான் அண்ணனுக்கு,

நீங்கள் தம்பி என்று கூப்பிடும் என் புருஷன் தியேசுவோ செத்துப்போனார். போன செவ்வாய்க்கிழமை. எழுத இன்றுதான் கை வந்தது.

செங்கல் சூளைக்கு மண் வெட்டும் பள்ளத்தில் கிடந்தார். மதியம் சாப்பிட வரவில்லையே என்று தூக்குச்சட்டியோடு நான்தான் போனேன். மண் சரிந்து அமுக்கிவிட்டது என்றார் சூளை மேஸ்திரி. போலீஸ்காரரும் அதையே எழுதிக்கொண்டார். நானும் அழுதபடி தலையாட்டினேன். பிறகு வீட்டுக்குத் தூக்கி வந்து உடம்பைக் கழுவினேன்.

மண் மண்டையை உடைக்கும். விலா எலும்பை நொறுக்கும். பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் மடித்து ஒடிக்குமா அண்ணே? கட்டைவிரலில் தொடங்கி வரிசையாக ஒடித்திருக்கிறார்கள். எதையோ கேட்டுக் கேட்டு ஒடித்திருக்கிறார்கள். என்ன கேட்டார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

போன அறுவடைக்குப் பிறகு அந்தப் பள்ளத்தில் பழைய கல்லறை ஒன்று தட்டுப்பட்டு, ஒரு பானைச் சோழியை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார் அல்லவா, நீங்கள் தாய்யுவானிலிருந்து அடுத்த ரயிலிலேயே வந்து இறங்கினீர்கள். வெண்கலத்தில் வார்த்து மேலே தங்கத் தகடு போர்த்தியவை. உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். அப்புறம் சொன்னீர்கள்: "தங்கச்சி, அந்தக் காலத்துல இதுதான் காசு. கடல் சோழி என்கிட்ட இருக்கு. எலும்புல செதுக்கினது, கல்லுல செஞ்சது, வெறும் வெண்கலம் எல்லாம் இருக்கு. இது ஒண்ணுக்குத்தான் இருபது வருஷமா அலையறேன்."

அவருக்கு அவற்றை ஆற்றுக்கு அக்கரையில் முகாம் போட்டிருந்த அகழ்வாராய்ச்சிக்காரர்களிடம் கொடுக்க ஆசை. எனக்கு விற்க ஆசை. கூரை ஒழுகுகிறது, நான் மறைக்கவில்லை. புத்தாண்டு அன்று இதற்காகத்தானே நீங்கள் அவரோடு சண்டை போட்டு, தட்டில் பாதிக் கொழுக்கட்டையை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினீர்கள்.

படுக்கும் செங்கல் மேடைக்கு அடியில் பானையைப் புதைத்து வைத்திருந்தோம். நேற்று தோண்டினேன். பானை இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை.

அதைப் பார்த்தவர்கள் மூன்று பேர். ஒருவர் போய்விட்டார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. நீங்கள்?

சியூயே

*

தாய்யுவான்
1994 ஏப்ரல் 6

அன்புள்ள தங்கை சியூயேவுக்கு,

உன் கடிதம் கண்டு நிலைகுலைந்து போனேன். மருத்துவமனையில் அன்று ஒரு கிழவருக்குக் கீழ்த்தாடைப் பல் கட்ட வேண்டியிருந்தது. வேறொருவரைக் கூப்பிட்டு அந்த வேலையை ஒப்படைத்துவிட்டேன். தியேசுவோ எனக்குத் தம்பியைப் போல அல்ல, தம்பியே. உடனே புறப்பட்டு வந்திருக்க வேண்டும். இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. ரயில் பயணம் கூடாது என்கிறார்கள்.

நீ கேட்ட கேள்வி என்னைப் புண்படுத்தியது. ஆனாலும் துக்கத்தில் இருப்பவளிடம் கோபித்துக்கொள்வது முறையல்ல. நான் யாரிடம் சொல்லப்போகிறேன்? சேகரிப்பவன் தன் பொருளைப் பற்றி வெளியே பேசமாட்டான். அது எங்கள் முதல் பாடம்.

விரல்களைப் பற்றி எழுதியிருந்தாய். மண் அழுத்தத்தில் என்னென்னவோ நேரும், தங்கச்சி. மனம் போனபடி கற்பனை செய்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

பானை காலி என்கிறாய். அவன் வேறு இடத்தில் மாற்றி வைத்திருக்கலாம். தானியக் குதிரிலும் நிலக்கரிக் கொட்டகையிலும் பார். கிடைத்தால் தயவுசெய்து வினிகர் ஊற்றித் தேய்த்துவிடாதே, தகடு உரிந்துவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி வை. எனக்கு ஒரு வரி எழுது.

உன் அண்ணன்
துவான் ரூலின்

*

பெய்லியூ
1994 ஏப்ரல் 17

பல் டாக்டருக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

அவர் போன இருபத்தோராம் நாள் காகிதக் காசு எரித்துப் படையல் வைத்துக்கொண்டிருந்தேன். பட்டப்பகல். ஹாவ் என்கிறவன் இரண்டு ஆட்களோடு உள்ளே வந்தான். இந்தப் பக்கத்தில் கல்லறை தோண்டித் திருடுகிறவர்கள் எல்லாம் அவனுக்குத்தான் கப்பம் கட்டுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன. செத்தவர் படத்துக்கு மூன்று முறை தலைகுனிந்தான். அப்புறம் உட்கார்ந்தான்.

"பசிக்குது. நூடுல்ஸ் போடு, தங்கச்சி."

போட்டேன். இரண்டு கிண்ணம் தின்றான். வினிகர் நன்றாக இருக்கிறது, சொந்தமாகக் காய்ச்சினதா என்று விசாரித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:

"சரி, முப்பத்தொண்ணும் எங்கே?"

"என்ன முப்பத்தொண்ணு?"

"கோழி முட்டையா கேக்கறேன்? தங்கச் சோழிடி."

டாக்டரே, பானையில் இருந்தவை முப்பத்து மூன்று. அதில் இரண்டை எடுத்து உங்கள் சட்டைப் பையில் போட்டவர் என் புருஷன். "அண்ணனுக்கு ஆசையா இருக்குல்ல, வச்சுக்கட்டும்" என்றார். முப்பத்தொன்று என்ற கணக்கு, அந்த இரண்டையும் கையில் வைத்திருக்கிறவன் வாயிலிருந்துதான் வரும்.

தெரியாது என்றேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது. ரொட்டி சுடும் இரும்புக்கல் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. என் வலது கையைப் பிடித்து அதன்மேல் வைத்து, மேலே அவன் செருப்புக் காலை வைத்தான். "இப்ப தெரியுமா? இப்ப?" என்று நிதானமாகக் கேட்டான். நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. கையை எடுத்தபோது தோல் கல்லிலேயே நின்றுவிட்டது.

எனக்குப் பாடம் சொல்ல வேண்டாம். யாரிடம் சொன்னீர்கள், என்ன சொன்னீர்கள், அதை எழுதுங்கள்.

சியூயே

*

தாய்யுவான்
1994 ஏப்ரல் 29

சியூயே,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

ஜனவரியில் ஹாவ் என்னிடம் கடைவாய்ப் பல்லோடு வந்தான். கன்னம் வீங்கியிருந்தது. அவன் யாரென்று அப்போது எனக்குத் தெரியாது. மதிய நேரம். கூட்டமில்லை. அந்த இரண்டு சோழிகளையும் மேசையில் விளக்கடியில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கேட்டான், நான் சொன்னேன். ஊசி போட்டு ஈறு மரத்துப்போக ஐந்து நிமிடம் ஆகும். ஐந்து நிமிடமும் பேசினேன். கடலே இல்லாத நாட்டில் சோழி கிடைக்காமல் மனிதர்கள் எலும்பிலும் கல்லிலும் சோழி செய்ததையும், கடைசியில் ராஜாக்கள் வெண்கலத்துக்குத் தங்கச் சட்டை போட்டதையும் சொன்னேன். இன்னும் முப்பத்தொன்று ஓரிடத்தில் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டேன். மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்வது என் தொழில். அன்று என் வாயை மூடத் தெரியவில்லை.

ஆனால் ஊரும் பேரும் சொல்லவில்லை. சத்தியமாக.

தீப்புண்ணுக்குக் களிம்பு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். காலையும் மாலையும் மெல்லத் தடவு. ஒரு யோசனையும் சொல்கிறேன், கோபிக்காதே. உன்னிடம் அவை இருந்தால் கொடுத்துவிடு. அவனிடம் வேண்டாம், என்னிடம் கொடு. நான் அவனைச் சமாளித்துக்கொள்கிறேன். உயிரைவிடப் பெரியதா வெண்கலம்?

துவான்

*

பெய்லியூ
1994 மே 8

துவானுக்கு,

களிம்பைச் சூளை நாய்க்குத் தடவினேன். அதற்கு ஆறிவிட்டது.

என் கையைக் கல்லிலிருந்து எடுத்தபோது ஹாவ் தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னதைப் போன கடிதத்தில் எழுதாமல் விட்டிருந்தேன். நீயாகச் சொல்கிறாயா பார்க்கலாம் என்றுதான் விட்டேன். அவன் சொன்னான்: "டாக்டர் சொன்னது சரிதான்டா. இந்த வீட்டுல புருஷன் பெண்டாட்டி ரெண்டுமே கல்லுளிமங்கன்."

ஊர் பேர் தெரியாமலா எங்கள் குணம் தெரிந்தது?

போலீஸிடம் போனேன். கையைக் காட்டினேன். "அடுப்புல கவனமா இருக்கணும்மா" என்றார் அங்கே இருந்தவர். சாட்சி உண்டா என்று கேட்டார். உண்டு, தாய்யுவானில் ஒரு பெரிய மனுஷன் இருக்கிறார் என்றேன். கூட்டிக்கொண்டு வா என்றார்.

வா. எழுதிக் கொடு. ஹாவுக்கு இது தெரியும், நான்தான் சொன்னேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடு. வேறு எதுவும் கேட்கவில்லை.

சோழி உன்னிடம்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். என்னிடம் இருக்கிறது என்று நீ நினைக்கிறாய். நடுவில் ஒரு மனுஷனைப் புதைத்திருக்கிறோம்.

சியூயே

*

தாய்யுவான்
1994 ஜூன் 4

சியூயே,

வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பேச முடியாது. எழுதத்தான் முடியும்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஹாவ் வந்தான். வரிசையில் இருந்தவர்களை, "டாக்டருக்கு உடம்பு சரியில்லை, நாளைக்கு வாங்க" என்று மரியாதையாக அனுப்பி வைத்தான். கதவைத் தாழிட்டான். என்னை என் நாற்காலியிலேயே சாய்த்துப் பெல்ட்டால் கட்டினார்கள்.

"அவனும் சொல்லல, அவளும் சொல்லல. அப்போ உங்கிட்டதான் இருக்கு" என்றான்.

இல்லை என்றேன். பல் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்தான். எந்தக் குறடு எந்தப் பல்லுக்கு என்று அவனுக்குத் தெரியாது. கீழ்ப்பல்லுக்கான குறட்டால் மேல்பல்லைப் பிடித்தான். முதல் பல் பாதியில் உடைந்தது. வேரை நோண்டி எடுத்தான். நான்கு பல். நாற்பது நிமிடம். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் அதே கேள்வி. மூன்றாவதில் சிறுநீர் போய்விட்டது. மூவரும் சிரித்தார்கள். நான் முப்பது வருடமாக எத்தனையோ ஆயிரம் பேருக்குப் பல் பிடுங்கியிருக்கிறேன். ஊசி போடாமல் எப்படியிருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இனி உன்னிடம் பொய் சொல்ல என்னிடம் வலு இல்லை.

புத்தாண்டு அன்று தியேசுவோ என்ன சொன்னான் என்று உனக்கு நினைவிருக்கும். "அண்ணே, இதை ஒருத்தர் வீட்டுப் பெட்டியில பூட்டி வைக்கக்கூடாது. அக்கரைக்காரங்க எனக்கு நிரந்தர வேலையும் தர்றேங்கறாங்க." அவன் முன்னால் முழங்கால் போட்டேன். நீ அப்போது அடுப்படியில் இருந்தாய். அவன் என்னைத் தூக்கி நிறுத்தி, "வேணாம்ணே, எனக்கு வெக்கமா இருக்கு" என்றான். ரயிலில் வழியெல்லாம் எனக்குப் பற்றி எரிந்தது. மண் வெட்டுகிறவனுக்கு முன்னால் மண்டியிட்டேனே, அவன் மறுத்துவிட்டானே என்று.

மார்ச்சில் நான்தான் ஹாவைத் தேடிப் போனேன். ஊரைச் சொன்னேன். பேரைச் சொன்னேன். மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகும் அவன் பள்ளத்தில் தனியாகக் கொஞ்ச நேரம் வெட்டிக்கொண்டிருப்பான் என்பதையும் சொன்னேன். சோழி எனக்கு, அந்தக் கல்லறையில் இருக்கும் மற்றதெல்லாம் உனக்கு என்றேன். "பயமுறுத்தினா போதும். அடிக்காதே" என்றேன். ஹாவ் சிரித்தான். "அதெல்லாம் எங்க தொழில், டாக்டர்."

இதுதான். உன் புருஷனைக் கொன்றவர்களை உன் வாசலுக்கு அனுப்பியவன் நான்.

பதின்மூன்றாம் தேதி டிராகன் படகுத் திருநாள். அன்றைக்கு ஊரில் எல்லோரும் வீட்டுக்குள் இருப்பார்கள், அப்போது உன்னிடம் வருவதாகச் சொல்லிக்கொண்டுதான் போனான். "அவளுக்கு இன்னொரு கை இருக்கு" என்றான். எங்காவது போய்விடு. உன் அக்கா வீட்டுக்குப் போ. இன்றே போ.

துவான்

*

காவல் கூடம்
1994 ஜூன் 19

துவான்,

இந்தக் கடிதத்தை அதிகாரிகள் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும்.

உன் கடிதம் பத்தாம் தேதி கிடைத்தது. நான் போகவில்லை. கோதுமை முற்றி நின்றது. இரண்டு நாள் தள்ளினால் உதிர்ந்துவிடும். புருஷன் செத்தவளுக்குக் கோதுமையும் போனால் என்ன இருக்கிறது. அதோடு, ஓடி ஓடி எந்தக் கடலில் போய் விழுவது?

வலது கை விரல்கள் சுருங்கிப்போய் முழுதாக மடங்குவதில்லை. அரிவாளைப் பிடிக்க முடியாது. அதனால் துணிக் கிழிசலால் அரிவாள் பிடியைக் கையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு அறுத்தேன். பதின்மூன்றாம் தேதி மதியம் களத்துமேட்டில், கையில் கட்டிய அரிவாளோடு, கடைசிக் கட்டுகளில் கதிர் அறுத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் பண்டிகைச் சோறு தின்னப் போயிருந்தார்கள்.

வந்தார்கள். அதே மூன்று பேர். ஹாவ் புதுச் சட்டை போட்டிருந்தான்.

"டாக்டர் பல்லு நாலும் போச்சு, பாவம். அவர்கிட்டயும் இல்ல. நீ மட்டும்தான் பாக்கி" என்றான்.

"என்கிட்ட இல்ல. ஆயிரம் தடவை கேட்டாலும் இல்ல."

தலைமுடியைப் பிடித்துத் தரையில் தள்ளினான். இடது மணிக்கட்டின்மேல் ஏறி நின்றான். கதிரடிக்கும் கல் உருளையை உருட்டி வரச் சொன்னான். இரண்டு பேரும் உருட்டத் தொடங்கினார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது. அவருக்கும் இப்படித்தானே ஒவ்வொன்றாகக் கேட்டிருப்பார்கள் என்று தோன்றியது. வலது கையில் அரிவாள் கட்டியிருப்பதை அவர்கள் கவனிக்கவில்லை, வைக்கோலுக்குள் கிடந்தது. அவன் முழங்காலுக்குப் பின்னால் கொக்கியைப் போட்டு இழுத்தேன். மாடு விழுவதுபோல் விழுந்தான். அரிவாளைப் பிடுங்கப் பார்த்தான். பிடுங்க முடியவில்லை, அது என் கையோடு இருந்தது. கழுத்தில் வெட்டினேன். மற்ற இரண்டு பேரும் உருளையைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

எத்தனை வெட்டு என்று போலீஸ் கேட்டது. எனக்கு நினைவில்லை. ஏழு என்று அவர்களே சொன்னார்கள். கோதுமைக் குவியலில் ஒரு மூலை முழுக்க நனைந்துவிட்டது. அந்த மூலையை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் சாக்கில் கட்டச் சொல்லி அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஓடினவர்கள் இப்போது சாட்சி சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரும் கோதுமை விலை பேச வந்தார்களாம். நான் பைத்தியம் பிடித்து வெட்டினேனாம். சோழி என்று ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியாதாம். உன் கடிதத்தைக் காட்டலாம் என்றால், படித்த அன்றே அடுப்பில் போட்டுவிட்டேன். வைத்திருக்கச் சகிக்கவில்லை.

மறுபடி எழுது. எழுதினால் போதாது, வந்து சொல். சொல்லாவிட்டால் என்னைச் சுட்டுவிடுவார்கள். உனக்கு அது நல்லதுதான், யோசித்துப் பார். தெரிந்தவர்கள் யாருமே மிச்சமிருக்க மாட்டார்கள்.

சியூயே

*

தாய்யுவான்
1994 ஜூலை 2

சியூயே,

யோசித்துப் பார் என்றாய். கடிதம் கிடைத்து எட்டு நாள் யோசித்தேன். உன் கடைசி வரி உண்மை. ஏழு நாள் நான் அந்த வரியோடுதான் படுத்தேன், எழுந்தேன். இதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன்.

நேற்று என் பெட்டிகளைத் திறந்து எல்லாவற்றையும் கட்டில்மேல் பரப்பினேன். கடல் சோழி, எலும்பு, கல், வெண்கலம். கடைசியில் அந்த இரண்டு. இருபது வருடத்தில் முதல் தடவையாக வரிசை முழுமையாக இருந்தது. சந்தோஷம் வரும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தேன். வரவில்லை.

எல்லாவற்றையும் பஞ்சில் சுற்றிக் கட்டிவிட்டேன். மூட்டையோடு நாளைக் காலை ரயில். நேரே உன்னை வைத்திருக்கும் இடத்துக்கு வருகிறேன். மார்ச்சில் நான் ஹாவிடம் சொன்னதிலிருந்து தொடங்கிச் சொல்வேன். பல் இல்லாததால் பேச்சு குழறுகிறது. அவர்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

துவான்

*

பெய்லியூ
1994 நவம்பர் 15

துவானுக்கு,

போன மாதம் என்னை விட்டுவிட்டார்கள். நீ சொன்னதைக் கேட்டதும் அந்த இரண்டு பேரும் ஒருவன்மேல் ஒருவன் பழி போட்டு எல்லாவற்றையும் கக்கிவிட்டார்களாம். என் உயிரைக் காக்கத்தான் வெட்டினேன் என்று தீர்ப்பு. நீ வந்து சொன்னாய். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நான் வீட்டுக்கு வந்து நான்காம் நாள், அக்கரையிலிருந்து ஒரு பெண் வந்தார். பெயர் தியான். அகழ்வாராய்ச்சிக் குழுவுக்குத் தலைவி. வசந்த காலத்தில் முகாமை மூடிக்கொண்டு போனவர்கள் இப்போதுதான் திரும்பியிருக்கிறார்கள். கையில் சிவப்பு அட்டை போட்ட சான்றிதழ், ஒரு சுடுதண்ணீர்க் குடுவை. சிரித்துக்கொண்டே, "ஜின் தியேசுவோ இருக்காரா? பரிசு கொண்டுவந்திருக்கேன்" என்றார்.

மார்ச் இருபத்தொன்றாம் தேதியே கொடுத்துவிட்டார், துவான். செத்ததற்கு முந்தின நாள். முப்பத்தொன்றையும் என்னுடைய பழைய காலுறையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். "வீட்ல சொல்லல. தெரிஞ்சா கத்துவா. நீங்க சான்றிதழோட வரும்போது சொல்லிக்கலாம், அப்போ கத்த மாட்டா" என்றாராம். மறுநாள் காலை அவர்கள் வண்டி ஏறிவிட்டார்கள். இங்கே நடந்தது எதுவும் அந்த அம்மாவுக்குத் தெரியாது. சொன்னதும் குடுவையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மொத்தமே இவ்வளவுதானா?" என்று அன்றைக்கு அவர் கேட்டதற்கு, "இவ்வளவுதான்" என்று என் புருஷன் சொல்லியிருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். உனக்குக் கொடுத்த இரண்டுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறார்.

ஆக, பள்ளத்தில் அவர் எதையும் மறைக்கவில்லை. கல்லுளிமங்கனாக இருக்கவில்லை. முதல் விரலுக்கே உண்மையைத்தான் சொல்லியிருப்பார். "குடுத்துட்டேன்." இரண்டாவதுக்கும் அதே. பத்துக்கும் அதே பதில். தங்கத்தைச் சும்மா தூக்கிக் கொடுத்தான் ஒருவன் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. நானும் நம்பியிருக்க மாட்டேன். என் பங்கு அதுதான். நான் கத்தாதவளாக இருந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பார். நான் ஊரெல்லாம் புலம்பியிருப்பேன். ஹாவ் காதுக்கும் அன்றைக்கே எட்டியிருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம்தான் சொல்ல முடிகிறது. வேறு யாரிடம் சொல்வேன்?

நேற்று வழக்கறிஞர் ஒருவர் அரசாங்கத் தரப்பிலிருந்து வந்தார். உன் வழக்கு அடுத்த வாரமாம். நீயாக வந்து ஒப்புக்கொண்டது ஒரு பக்கம், ஒரு உயிர் போனது ஒரு பக்கம், எப்படி வேண்டுமானாலும் போகலாம், செத்தவர் மனைவி சொல்வதையும் நீதிபதி பார்ப்பார் என்றார். தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"மரண தண்டனை கேக்கறியாம்மா? உனக்கு அந்த உரிமை இருக்கு."

அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்தார். அப்புறம் சொன்னேன்:

"வேண்டாங்கய்யா. செத்துட்டா டாக்டருக்கு அவர் செஞ்சது மறந்துபோயிடும்."

அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

சியூயே